பெயர் சொல்லாமல் கேட்டது

கேள்வித்தாள்களைக் கொடுத்து முடித்ததும் அறையிலிருந்த அத்தனை தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. அதன்பின் மின்விசிறிகள் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தன. அறிவுக்கொடிக்கு இந்த நிமிஷம் எப்போதும் பிடிக்கும். மூன்றாம் ஆண்டுப் பெண்கள், வருஷம் முழுக்க வாய் ஓயாதவர்கள், இப்போது மூச்சுவிடக்கூட அனுமதி கேட்பார்கள் போல இருப்பார்கள். அமெரிக்க இலக்கியம் அவள் நடத்தும் பாடம், நடத்துகிறவரை அந்தத் தேர்வுக்கே காவல் போடுவது வழக்கமில்லை. ஆனாலும் வேறு துறைக்காரர் ஒருவர் விடுப்பு எடுத்துவிட்டதால் இந்த அறைக்கு அவளையே காவலுக்குப் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். "நீங்களே இப்படிச் சொன்னா எப்படி மேடம்?" என்றார்கள். நீங்களே என்ற அந்த ஒரு சொல்லில் இருபத்தாறு வருஷமாக மாட்டிக்கொண்டு திரிகிறாள் அவள். அலைபேசி ஆசிரியர் அறையில், மேஜை இழுப்பறைக்குள் கிடக்கிறது. தேர்வறைக்குள் அது வரக்கூடாது. வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி இந்நேரம் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருப்பார். ஸ்கேன் முடிவு இன்றைக்கு. வெட்டி எடுத்த கட்டி வெட்டினதோடு போயிற்றா, இல்லை உள்ளே எங்காவது விதை போட்டுவிட்டுப் போயிருக்கிறதா என்று இன்றைக்குச் சொல்லிவிடுவார்கள். "நானும் வர்றேங்க" என்று காலையில் சொன்னபோது, தட்டில் இருந்த இட்லியைப் பிய்த்துக்கொண்டே, "நீ வந்து என்னத்தச் செய்யப்போற கொடி? நீ பாத்தா ரிப்போர்ட்டு மாறிருமா? போ, போயிப் பிள்ளைகளப் பாரு" என்றார். மிளகாய்ப் பொடி தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் தொட்டார். அவள் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டாள். பிரம்பு பிடிக்கத் தெரிந்தவள்தான், ஆனால் அந்த விரல்கள் மறுபடியும் தட்டுக்கும் வாய்க்குமாகப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவளுக்கு இந்த நான்கு மாதமாகத் திருவிழா.

வரிசைக்குள் நடந்தாள். குனிந்திருந்த ஒரு தோளுக்கு மேலே கேள்வித்தாள் தெரிந்தது. கடைசிப் பிரிவில், கட்டுரை வினா. அமெரிக்கப் புனைகதையில் ஆன்மாவை விலை பேசும் வில்லனாகப் பிசாசு வருவதை விளக்குக. பல்கலைக்கழகத்தில் எவரோ போட்ட கேள்வி. ஆனாலும் தன்னைக் குறிவைத்துக் கேட்டதுபோல இருந்தது. விளக்குகிறேன், வாங்க. எத்தனை வருஷம் எத்தனை பெண்களுக்கு விளக்கியிருப்பாள். நம்ம ஊர்ப் பேய் மாதிரி அவன் தலைவிரி கோலமாக வரமாட்டான்மா, மரியாதை தெரிந்தவன், காட்டுப் பாதையில் கறுத்த ஆளாக நிற்பான், இல்லையென்றால் நல்ல கோட்டு, நல்ல தொப்பி, கையில் பை, நாலு பாதை கூடுகிற இடத்தில் உனக்கு முன்னாலேயே வந்து காத்திருப்பான், உன் பேர் அவனுக்குத் தெரியும், நீதான் அவன் பேரைக் கேட்க மறந்திருப்பாய். இந்த இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, வகுப்பை ஒரு பார்வை பார்ப்பாள். பின்வரிசைகூட அடங்கிவிடும். அப்புறம் சொல்வாள், அவன் பொய் சொல்வதில்லை, கேட்டதைக் கேட்டபடியே கொடுத்துவிடுவான், அதுதான் அவன் மோசடி. கேட்டவன் எதைக் கேட்க மறந்தானோ அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே நுழைவான். பெண்கள் அதை அப்படியே எழுதிக்கொள்வார்கள். இதோ இப்போதும் அத்தனை பேரும் அதைத்தான் எழுதிக்கொண்டிருப்பார்கள். ஊருக்கு உபதேசம் செய்தவள் தன் முறை வந்தபோது ஓட்டையை அகலமாகத் திறந்துவைத்துவிட்டு நின்றாள். எத்தனை நாளுக்கு என்று கேட்கவில்லையே. அவரைக் கொடு என்றுதானே கேட்டாள். கொடுத்தாயிற்று. எத்தனை நாளுக்கு என்று அவள் கேட்கவில்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம். ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடியில் நாலு நடைகள் வந்து கூடுகிற இடம் ஒன்று உண்டு, லிஃப்டுக்கு எதிரே. அங்கே ஒரு பெஞ்சு. அறுவை நல்லபடி முடிந்தது என்று சொல்லி இரண்டாம் நாள், உள்ளே ரத்தம் கசிகிறது என்று மறுபடியும் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போனது, கதவு மூடியபிறகும் கிறீச்சிட்டது, இப்போதும் இந்த மூன்றாவது வரிசை மின்விசிறியில் அதே கிறீச். அவர் முகம் வாழைத்தண்டு மாதிரி வெளுத்திருந்தது. வெள்ளைச்சாமி என்று பேர் வைத்துக்கொண்டு கரிக்கட்டையாக இருக்கிறீர்களே என்று கல்யாணமான புதிதில் கேலி செய்தவள் அவள். அந்தக் கறுப்பு எங்கே போயிற்று என்று பெஞ்சில் உட்கார்ந்து தேடினாள். கை எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவருடைய செருப்பைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அது வாயிலிருந்து வந்தது, மனசுக்குள் அல்ல, வாய்விட்டே வந்தது. "யாரா இருந்தாலும் சரி. அவரைக் குடுத்துரு. என்ன கேட்டாலும் தர்றேன்." சொல்லி முடிக்கவும் லிஃப்டு திறந்தது. டை என்கிற கழுத்துப்பட்டை கட்டிய ஆள் ஒருவன், பளபளவென்று கறுத்த ஷூ, கையில் கறுப்புத் தோல் பை, வெளியே வந்தான். வழியில் நீட்டிக்கொண்டிருந்த காலை அவள் உள்ளே இழுத்துக்கொண்டாள். அவன் அவளைப் பார்த்துத் தலையாட்டி, "தேங்க்ஸ் மேடம்" என்றான். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. வேறு யாராக இருக்க முடியும்? அன்றைக்கே அந்த நடையில் அப்படி நாலு பேர் போனார்கள், நாலு பேரும் பை வைத்திருந்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்ன சொல்லின் ஈரம் காய்வதற்குள் ஒருவன் எதற்காக நன்றி சொல்ல வேண்டும்? சாயங்காலம் டாக்டர் வந்து, ரத்தம் தானாகவே நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் மூச்சு விட்டார்கள். அவள் மட்டும் தலைப்பாகையை யார் எடுத்துக்கொண்டு போனது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

மற்ற வீடுகளில் இந்தச் சங்கடமே வந்திருக்காது. நம் ஜனங்களுக்கு வேண்டிக்கொள்ளச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? சாமி பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், என்ன வேண்டுமென்று சொல்ல வேண்டும், நடந்தால் என்ன செய்வேன் என்று சொல்ல வேண்டும். மொட்டையா, மாவிளக்கா, பால்குடமா, ஒரு வரையறை உண்டு. மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்துவிட்டால் அப்புறம் சாமி பாடு. பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற முறை. அறிவுக்கொடிக்குத் தெரியாது. அப்பா கறுப்புச் சட்டைக்காரர். கூட்டம் போட்டுப் பேசி, கல்லடி பட்டு, கல்லை எடுத்துப் பத்திரமாக அலமாரியில் வைத்துக்கொண்டவர். அவர்கள் வீட்டில் பூசை மாடத்தில் அகராதிகள் இருந்தன. பரீட்சைக்குப் போகும்போது மற்றப் பிள்ளைகள் நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வரும். அப்பா இவள் நெற்றியில் கையை வைத்து, "உள்ள இருக்கு, போ" என்பார். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த பிரார்த்தனை. அதனால்தான் அன்றைக்குக் கூப்பிட வாய் திறந்தபோது நாக்கில் ஒரு பேரும் இல்லை. விலாசம் எழுதாத தபாலை யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாமே. யார் பிரித்தது? அதுதான் கேள்வி. இந்த நான்கு மாதமாக மனசில் நன்றி பொங்கிப் பொங்கி வருகிறது. காலையில் அவர் குளியலறையில் தொண்டையைக் காறுகிற சத்தம் கேட்டால் நன்றி. செய்தித்தாளைப் பிரித்துப் போட்டுவிட்டு மடிக்காமல் போனால் நன்றி. ராத்திரிக் குறட்டைக்கு நன்றி. முன்னெல்லாம் அதே குறட்டைக்காகத் தலையணையோடு கூடத்துக்குப் போனவள்தான். ஆனால் யாருக்கு? நன்றி என்று நினைத்த மறுகணமே கழுத்துப்பட்டைக்காரன் தலையாட்டுகிறான். வாய்க்குள்ளேயே சொல்லை விழுங்கிவிடுவாள். விழுங்கி விழுங்கி நெஞ்சு நிறைந்து கிடக்கிறது. தெரியாத ஆளுக்கு நன்றி சொன்னால் கணக்கை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா? அப்பா பெரிதாக மதித்தது நன்றி ஒன்றைத்தான். சாமியை மறந்தால் பரவாயில்லை, சோறு போட்டவனை மறக்காதே என்பார். போட்டது யார் என்று தெரியாத சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேனே அப்பா, நான் என்ன செய்ய?

"மேடம்." வாசலில் பாக்கியம், டீத் தம்ளரோடு. துறையின் உதவியாளர், குரலைத் தாழ்த்தத் தெரியாதவள். "மேடம், ஒங்க டிராயருக்குள்ள போனு உர்ரு உர்ருன்னு உருமிக்கிட்டே கெடக்கு. மூணு நாலு வாட்டி ஆச்சு. எடுத்தாரவா?" இரண்டு மூன்று தலைகள் நிமிர்ந்தன. "வேண்டாம் பாக்கியம். இங்க கொண்டு வரக்கூடாது." "அவசரமா என்னமோ—" "பரவால்ல. நீ போ." டீயை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டாள். மூன்று நான்கு தடவை. நல்ல சேதியென்றால் மனுஷன் ஒரு தடவை அடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். கெட்ட சேதியென்றால்? கெட்ட சேதியென்றால் அடிக்கவே மாட்டார். நேரே வீட்டுக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். அப்படியானால் இது நல்லது. இல்லை, அவருடைய போனிலிருந்து வேறு யாராவது அடித்தால்? பஸ்ஸில் மயங்கி விழுந்து, பக்கத்தில் இருந்தவர் எடுத்து, கடைசியாக அடித்த நம்பருக்கு. சே. வாயில் வராததெல்லாம் மனசில் வருகிறது. விடைத்தாள்களில் கையெழுத்துப் போட ஆரம்பித்தாள். ஒவ்வொரு தாளின் முகப்பிலும் கண்காணிப்பவர் கையெழுத்து. குனிந்து, எண்ணைச் சரிபார்த்து, கையெழுத்து. அடுத்து. கையெழுத்து. அவன் எப்போதும் கையெழுத்து வாங்காமல் போகமாட்டான், ரத்தத்தில் தொட்டு எழுதச் சொல்வான் என்று நடத்தியிருக்கிறாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எத்தனை தாளில் போட்டாள்! அறுவைக்குச் சம்மதம், மயக்க மருந்துக்குச் சம்மதம், ரத்தம் ஏற்றச் சம்மதம். எதையும் படிக்கவில்லை. அதில் ஒன்று அவனுடையதாக இருந்திருந்தால் என்று யோசித்து, சிரிப்பு வந்து, சிரிப்பு பாதியில் நின்றது. எத்தனை நாளுக்கு என்று அதிலாவது போட்டிருந்ததோ என்னவோ. நான்கு மாதம் என்று போட்டிருந்தால்?

"மேடம், ஒரு டவுட்டு." ஜன்னலோரம் முத்துப்பேச்சி கையைத் தூக்கியிருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், கழுத்தில் கறுப்புக் கயிறு, கட்டுரையைப் பக்கம் பக்கமாக இழுப்பவள். அருகே போனாள். "அந்தப் பிசாசு கேள்விக்கு, மேடம், ஒப்பிட்டு எழுதுறப்ப நம்ம ஊரு உதாரணம் ஒண்ணு எழுதிக்கிறவா? மார்க்கக் கொறச்சுருவாகளா?" "கேட்டதுக்குப் பதில் எழுதிட்டு, அப்புறம் எழுது." "சரி மேடம்." அவள் குனிந்துவிட்டாள். அறிவுக்கொடி இரண்டு எட்டு நகர்ந்து, நின்றாள். நம்ம ஊர் உதாரணம் என்ன இருக்கிறது? நம்ம ஊரில் யார் ஆன்மாவை விலைக்குக் கேட்டார்கள்? நம்ம ஊரில் பேய் பிடிக்கும், பேரம் பேசாது. பேரம் பேசுவது என்றால் சாமிகள்தான். அதுவும் நாலு பாதை கூடுகிற இடத்தில், கறுத்த ஆளாக, பெரிய மீசையோடு, கையில் அரிவாளோடு நின்றுகொண்டு, என்னடா வேணும், எனக்கு என்னடா தருவே என்று கேட்கிறவர் என்றால். அவள் அப்படியே நின்றுவிட்டாள். மூன்றாவது வரிசை மின்விசிறி கிறீச்சிட்டது. அவளுக்குக் கேட்கவில்லை.

கருப்பசாமி. அவர் வீட்டுக் குலசாமி. கல்யாணமான மறுவாரம் வெள்ளைச்சாமி அவளை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். தார் ரோட்டை விட்டு இறங்கி, முள்ளுக் காட்டுக்குள் நாலு வண்டித்தடம் கூடுகிற இடம். கூரை கிடையாது, கதவு கிடையாது. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் கன்னங்கரேலென்று ஒருவர். உருட்டின விழி. சுற்றிலும் ஜனங்கள் கட்டிவிட்ட மணிகள். காலடியில் எரிந்து கருகிய சுருட்டுத் துண்டுகள். பக்கத்தில் ஒரு பெரியம்மா அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "இந்த வருசம் மழையே இல்ல, கெடாய்க்கு நான் எங்கிட்டுப் போவேன், சேவலத்தேன் தருவேன், வாங்கிக்க" என்றாள், கொழுந்தனிடம் பேசுகிற மாதிரி. அவர் வாங்கிக்கொண்டார் போலிருக்கிறது, அவள் சிரித்துக்கொண்டே போனாள். அமெரிக்காக்காரப் பிசாசோடு வாதாட வக்கீல் வைக்க வேண்டும், இவரோடு வாதாட வாய் இருந்தால் போதும். ஒரு கிடாய் கேட்பார், ஒரு படி சாராயம் கேட்பார், ஒரு மணி, ஒரு சுருட்டு. ஆன்மாவை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், பற்றவைத்து இழுக்கக்கூட முடியாதே. அன்றைக்கு அறிவுக்கொடி அப்பாவின் மகளாக விறைப்பாகக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். வெள்ளைச்சாமி கோபித்துக்கொள்ளவில்லை. "நீ கும்புட வேணாம் கொடி. செருப்ப மட்டும் கழட்டிட்டுச் சும்மா இப்பிடி வந்து நில்லு. அவரு ஒன்னைய ஒரு வாட்டி பாத்துக்கிறட்டும்." நின்றாள். வெள்ளைச்சாமி சாமியை அண்ணாந்து பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுகிற குரலில் பேசினார். அன்றைக்கு அது அவளுக்குக் கோமாளித்தனமாக இருந்தது, திரும்பிவரும்போது ஸ்கூட்டரில் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதோடு மறந்தும் போனாள். இப்போது, இத்தனை வருஷம் கழித்து, பேனாக்கள் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, அந்தப் பேச்சு வார்த்தை பிசகாமல் வந்தது. "அப்பா, இது கொடி. வாத்தியாரம்மா. சாமி கீமி கும்புடாது. அது அவுக வீட்டுப் பழக்கம், நீ அதப் பெருசு பண்ணாத. ஆனா இனிமே நம்ம வீட்டு ஆளு. ஒம் பேரச் சொல்லிக் கூப்புடத் தெரியாது அதுக்கு. என்னைக்காச்சும் கஷ்டமுன்னு வாயத் தொறந்தா பேரில்லாமத்தேன் கூப்புடும். பேரச் சொல்லலையேன்னு இருந்துறாத. நீயா வெளங்கிக்கிட்டு வந்துரு."

விடைத்தாள் கட்டக் கொடுக்கிற நூல்கண்டு கையிலிருந்து நழுவி உருண்டது. பேரில்லாமத்தேன் கூப்புடும். மூன்றாவது மாடியில், நாலு நடை கூடுகிற இடத்தில், பேரில்லாமல்தான் கூப்பிட்டாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள், இவள் கும்பிடக்கூடப் போகவில்லையே. கழுத்துப்பட்டைக்காரன் பாவம், வழி விட்டதற்கு நன்றி சொல்லிவிட்டுத் தன் மருந்தை விற்கப் போனான். அவள் கண் நிறைந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், டீ ஆறிக் கிடந்தது. அவள் நம்புகிறாளா? தெரியாது. கல்லும் மீசையும் மணியும் ஒரு ரத்தக் குழாயை எப்படி அடைக்கும் என்று அப்பா கேட்டால் பதில் கிடையாது. ஆனால் நம்பிக்கை வேறு, நன்றி வேறு. தன் பெண்டாட்டிக்குத் துணை வேண்டும் என்று அவள் கேட்காமலேயே முன்கூட்டிச் சொல்லிவைத்தானே ஒரு மனுஷன், அந்த மனுஷன் காட்டிய இடத்தில் நன்றியை இறக்கிவைத்தால் என்ன குறைந்துவிடும்? நெஞ்சில் விழுங்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது, குறட்டைக்கு, செய்தித்தாளுக்கு, மிளகாய்ப் பொடிக்கு. தலையாட்ட யாரும் வரவில்லை. "மேடம், ஒடம்பு சரியில்லையா?" முத்துப்பேச்சி நூலை எடுத்து நீட்டினாள். "தூசிம்மா. நீ எழுது. நெறைய எழுது."

கடைசி மணி அடித்தது. தாள்களை வரிசைப்படுத்தி ஒப்படைத்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்து இழுப்பறையைத் திறந்தாள். திரை முழுக்க அவர் பெயர். விரல் அதன்மேல் போயிற்று, அப்புறம் நின்றது. சேதி தெரிந்தபிறகு சொல்கிற நன்றி பாதி வியாபாரம். நல்லதென்றால் சொல்வேன், இல்லையென்றால் மாட்டேன் என்பதா? இந்த நான்கு மாதம் கொடுத்தது கொடுத்ததுதானே. அலைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாசலைத் தாண்டி எதிரே இருந்த பெட்டிக்கடைக்குப் போனாள். தேர்வு முடிந்த பெண்கள் கூட்டமாக நின்று சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்கள். "வாங்க மேடம், பேனாவா?" என்றார் கடைக்காரர். "சுருட்டு இருக்கா?" சர்பத் குடித்துக்கொண்டிருந்த ஒருத்திக்குப் புரையேறியது. கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "சாருக்கா மேடம்? அவுகதேன் ஒடம்புக்கு முடியாம—" "சாருக்கில்ல. ஒரு கட்டு குடுங்க." பைக்குள் அலைபேசி உறுமியது. எடுத்தாள்.

"எங்கிட்டுப் போயிட்ட? எத்தனை வாட்டி அடிக்கிறது?" அவர் குரல்தான், பின்னால் பஸ் ஹாரன்.

"பரீட்சை ஹால்ல இருந்தேன். ஏங்க, அவரு எந்தச் சுருட்டு குடிப்பாரு?"

"எவரு?"

"உங்க நாற்சந்திக்காரரு."

அந்தப் பக்கம் ஹாரன் மறுபடியும் அடித்தது. பிறகு அவர் மூக்கை உறிஞ்சினார். ரத்தம் கசிந்த நாளில்கூடக் கண் கலங்காத மனுஷன்.

"ரிப்போர்ட்டக் கேக்க மாட்டியா கொடி?"

"கேப்பேன். மொதல்ல இதச் சொல்லுங்க."

"எதுனாலும் வாங்கு. அவரு வேணாம்னு சொல்ல மாட்டாரு." சிரிக்கப் பார்த்துக் குரல் உடைந்தது. "ஒண்ணுமே இல்லயாம் கொடி. பூராம் சுத்தமா இருக்காம். ஆறு மாசங் கழிச்சு ஒருக்கா வந்து காட்டுங்கன்னாரு."

ஆறு மாசம். எத்தனை நாளுக்கு என்ற கேள்வி எப்போதும்போல முள்ளாகக் குத்தும் என்று அவள் காத்திருந்தாள். குத்தவில்லை. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்காரரைப் பார்த்து, "இன்னொரு கட்டும் சேத்துக் குடுங்க" என்றாள்.